சவுட்டு மண்ணில் வைத்த கன்றுகள்

குவைத்,
12-6-1994

அன்புள்ள அண்ணன் கோவர்த்தனனுக்குத் தங்கை தேவயானி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் என் பத்மினியும் சுகம்தானா? அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

இங்கே வேலை நம்ம ஊர் வேலை மாதிரிதான். வெயிலில் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சமையல், துணி, வீட்டுக்கார அம்மாவின் நாலு பிள்ளைகள். வெளியே போகக் கூடாது. இந்த வீட்டு டிரைவர் ரமணா கடப்பாக்காரர், அவர்தான் கடிதம் போடுவதும் வாங்கி வருவதும். தெலுங்கில் நாலு வார்த்தை பேச ஓர் ஆள் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

நீ ஏரிக்கரைப் புளிப்பு மாமரத்தடியில் கொட்டை பொறுக்கிக் கோணியில் சேர்க்கிறாயாம். பத்மினி எழுதியிருந்தாள். அண்ணா, கொட்டை வேண்டாம். குழியிலேயே கொட்டையை ஊன்றி, அது வளர்ந்த பிறகு ஒட்டுக் கட்டினால்தான் மரம் நிலைக்கும் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும், நானும் மாந்தோப்பில் கூலிக்குப் போனவள்தான். ஆனால் கொட்டை முளைத்து, தண்டு பருத்து, ஒட்டுக் கட்டி, அது காய்க்க எத்தனை வருஷம் என்று யோசித்துப் பார். பத்மினிக்கு இப்போது ஏழு வயது. அப்பாவும் இல்லாத பெண். அவள் பெரியவளாவதற்குள் நான் அவளோடு இருக்க வேண்டும். நம் நிலத்தில் ஏதாவது காய்த்தால்தான் நான் வந்து அங்கே உட்கார முடியும். இல்லையென்றால் மறுபடியும் யாருடைய வரப்பிலாவது களை பிடுங்கப் போக வேண்டும்.

ரேணிகுண்டா ரோட்டு நர்சரிகளில் ஒட்டுக்கன்று தயாராகக் கிடைக்கிறதாம். வாங்கி வைத்துவிடு. பிடிவாதம் பிடிக்காதே. பத்மினிக்குத் தலையில் பேன் இருந்தால் அண்ணியைப் பார்க்கச் சொல். அவள் சுருட்டை முடியில் சீப்பு இறங்காது, எண்ணெய் வைத்துச் சீவ வேண்டும்.

இப்படிக்கு,
தேவயானி


ஈச்சம்பாடு, நகரி வழி,
20-8-1994

அன்புத் தங்கை தேவயானிக்கு அண்ணன் கோவர்த்தனன் ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் நலம். பத்மினி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள். அண்ணிக்கு இடுப்பு தேவலை. பேன் இருந்தது, இப்போது இல்லை.

கடல் தாண்டிப் போயும் உத்தரவு போடும் வாய் உனக்குக் குறையவில்லை. சரி அம்மா, நீ சொன்ன பிறகு மறுபேச்சு ஏது. ஒட்டுக்கன்றே வாங்கிவிட்டேன். ஆடி மழையில் ஈரம் இருக்கும்போதே இரண்டு ஏக்கரிலும் குழி எடுத்து வைத்தாயிற்று. எல்லாம் பெங்களூரா ரகம். எவ்வளவு காய்த்தாலும் ஜூஸ் பேக்டரிக்காரன் வீட்டு வாசலுக்கே லாரி அனுப்பி எடுத்துக்கொள்கிறான். சித்தூர் பக்கம் புதிதாகப் பேக்டரிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

நர்சரிக்காரனிடம் இது எந்தக் கொட்டையில் கட்டின ஒட்டு என்று கேட்டேன். 'ஜூஸ் பேக்டரில பிழிஞ்சி போட்ட கொட்டைதாண்ணா. லாரி லாரியா வந்துக்கினு கீது. கொட்டையில இன்னா கீது, மேல கட்ற குச்சிதான் முக்கியம்' என்றான். நம் இடம் சவுட்டு மண் ஆயிற்றே, தாங்குமா என்றேன். தண்ணீர் காட்டினால் எங்கேயும் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

உனக்குத் தெரியாதது இல்லை. சர்க்கார் நமக்குப் பட்டா கொடுத்த அந்த இடம், வெயில் காலத்தில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். நல்ல நிலமாக இருந்திருந்தால் நம் கைக்கு வந்திருக்காது. அதே உப்பில் ஏரிக்கரைப் புளிப்பு மரம் யானைக்கால் போல நிற்கிறதே என்றுதான் அந்தக் கொட்டையைப் பொறுக்கினேன். போகட்டும். கோணியைப் பக்கத்து நிலத்து நாராயணசாமி கேட்டார், கொடுத்துவிட்டேன். கையளவு எடுத்து வரப்பு ஓரம் ஊன்றினார், மிச்சத்தை மறந்துவிட்டார்.

கன்றுகள் எல்லாம் தளதளவென்று நிற்கின்றன. பத்மினி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கோவர்த்தனன்


குவைத்,
28-1-1995

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் நலம், நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பொங்கலுக்கு நான் இங்கே ரகசியமாக ஒரு டம்ளர் பொங்கல் வைத்து நானே சாப்பிட்டேன். ரமணா அண்ணனுக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

கன்று துளிர் விட்டதா? எத்தனை அடுக்கு விட்டது? இலை வரும்போது செம்பு நிறமாக இருக்கும் இல்லையா, அது பச்சையாகிவிட்டதா? பாத்திரம் தேய்க்கும்போது இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டு மதிலுக்கு வெளியே முழுக்க உப்பு மணல். அதில் பேரீச்சை மரம் எந்தக் கவலையும் இல்லாமல் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் சவுட்டிலும் மாமரம் நிற்கும் என்று எனக்குத் தைரியம் வருகிறது.

போர் போடுவதற்குச் சிட்டிபாபுவிடம் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் புத்தூர்க்காரர், ரமணா அண்ணனின் கூட்டாளி, லீவில் வருகிறார், வீடு தேடி வந்து கொடுப்பார். வானத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்று, பத்மினியை ஒரு கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நல்ல பாவாடை போட்டு எடு.

இப்படிக்கு,
தேவயானி


ஈச்சம்பாடு,
9-5-1995

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கை கால் வீங்குகிறது என்று சிட்டிபாபு சொன்னார், நீ அதை எழுதவே இல்லையே.

போர் போட்டாயிற்று. ஆழமாகத்தான் போக வேண்டியிருந்தது, ஆனாலும் தண்ணீர் வந்தது. பத்மினி அதில் குதித்துக் குதித்துக் குளித்தாள். வாயில் பட்டதைத் துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள். குடிக்க ஆகாது, மரத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது போய்ப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன். சில கன்றுகளில் இலை நுனி கருகியிருக்கிறது. அக்கினி வெயில் அப்படி. மழை விழுந்தால் சரியாகும்.

பத்மினியை அழைத்துக்கொண்டு அலிபிரியிலிருந்து நடந்தே திருப்பதி மலை ஏறினோம். உனக்காக வேண்டிக்கொண்ட முடியைக் கொடுத்தாயிற்று. அதனால்தான் போட்டோவில் மொட்டைத் தலையோடு நிற்கிறாள், பயந்துவிடாதே. வரும்போது திருச்சானூரில் வளையல் கேட்டு அழுதாள், வாங்கிக் கொடுத்தேன். போட்டோ இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
கோவர்த்தனன்


குவைத்,
3-9-1995

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். அனைவர் நலமும் அறிய ஆவல். எனக்குக் கை கால் வீக்கமெல்லாம் ஒன்றும் இல்லை, சிட்டிபாபு வாய்க்குப் பூட்டு கிடையாது.

போட்டோ வந்தது. மொட்டையிலும் என் பெண் அழகுதான். தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை அதை எடுத்து எடுத்துப் பார்த்து 'யார், யார்' என்று கேட்கிறது. என் மகள் என்று சொன்னால் அதற்குக் கோபம் வருகிறது.

ஆனால் அண்ணா, கன்று பத்மினியின் முழங்காலுக்குத்தானே நிற்கிறது. நட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டதே. ஒருவேளை சின்னக் கன்றாகப் பார்த்து நிறுத்தினாயோ என்று நினைத்துக்கொண்டேன். கருகின இலைக்கு வெயில்தான் காரணமென்றால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் நிறையக் கட்டு. இங்கே இவர்கள் வாசலில் நாலு பூச்செடிக்கு நாள் பூராவும் தண்ணீர் விடுகிறார்கள். நம் கன்றுக்கு என்ன குறைச்சல். அடிக்கடி எழுது. உன் கடிதம் வருவதற்குள் எனக்கு வருஷம் போய்விடுகிறது.

இப்படிக்கு,
தேவயானி


ஈச்சம்பாடு,
17-6-1996

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல். எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே விசேஷம் நிறைய. கங்கம்மா ஜாத்திரை நன்றாக நடந்தது. பத்மினி நாலாவது பாஸாகிவிட்டாள், கணக்கில் முதல். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பெரிய ரோட்டை அகலம் செய்கிறார்கள். ஊரில் வயசுப் பையன்கள் யாரும் இல்லை, பாதிப் பேர் ரேணிகுண்டா பேக்டரிகளுக்கும் மீதிப் பேர் மெட்ராசுக்கும் போய்விட்டார்கள். கங்கையா மகள் கல்யாணம் ஆனது, உன்னைக் கேட்டார்கள். அண்ணி ஒரு ஆடு வாங்கினாள், அது இரண்டு குட்டி போட்டது. நம் வீட்டுக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறி உதிர்ந்தது, நானே பூசிவிட்டேன். பத்மினிக்கு நடுவில் காய்ச்சல் வந்து போனது, இப்போது ஓடி ஆடுகிறாள்.

தோட்டம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்


குவைத்,
24-11-1996

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் நலம். அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதத்தில் ஆட்டுக்குட்டிக்குக் கிடைத்த இடம்கூட என் தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. கோபத்தில் பதில் போடாமல் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். நீ எப்போதும் அப்படித்தான், நல்லது நடந்தால் கண் பட்டுவிடும் என்று வாயைத் திறக்க மாட்டாய். கன்று வளர்ந்து நிற்கிறது, அதுதானே? இந்தத் தையில் பூ எடுக்கும் என்று என் மனசு சொல்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். பங்குனியில் எனக்கு ஒப்பந்தம் முடிகிறது. இனி நான் திரும்ப இங்கே வரப்போவதில்லை, ஊரோடு வந்துவிடுகிறேன். முதல் காய்ப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும், தெரியும். ஒரு வருஷம் எப்படியாவது தள்ளினால் அப்புறம் தோட்டமே நம்மைப் பார்த்துக்கொள்ளும். இந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். தை முடிவதற்குள் உறுதியாகச் சொல், வேறு ஆள் பார்க்க வேண்டும், அப்புறம் நீ இருக்கிறேன் என்றாலும் இடம் கிடையாது என்றாள். நான் ஏன் இருக்கிறேன் என்று சொல்லப்போகிறேன்?

பத்மினிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அண்ணா, அவள் என்னை எத்தனை நாள் புதியவளாகப் பார்ப்பாள் என்றுதான் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தேவயானி


ஈச்சம்பாடு,
8-1-1997

அன்புத் தங்கை தேவயானிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் உடம்பால் நலம்.

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. எழுத உட்கார்வேன், எழுந்துவிடுவேன். இனியும் தள்ளினால் நீ அந்த அம்மாவிடம் கடைசி வார்த்தை சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தோட்டம் இல்லை அம்மா.

முதல் வெயிலில் இலை நுனி கருகியது. அப்புறம் ஓரம் கருகியது, அப்புறம் உதிர்ந்தது. மழை வந்தால் ஒரு துளிர் விடும், நான் சந்தோஷப்படுவேன். தை கழிந்தால் அதுவும் காயும். நீ நிறையக் கட்டு என்று எழுதியதும் நிறையக் கட்டினேன். பாத்தியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது. நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டேன். செத்த இடத்தில் புதுக் கன்று வாங்கி வைத்தேன். அதுவும் அந்த வழியே போனது.

போன மாதம் ஒரு கன்றைப் பிடுங்கினேன். தேவயானி, அது கையோடு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் வேர் நர்சரிப் பையை விட்டு வெளியே போகவே இல்லை. பையைக் கிழித்து வைத்தேனே, அந்தப் பையின் வடிவத்திலேயே உருண்டையாக, கறுத்துப் போய் இருந்தது. பக்கத்து மண்ணில் ஒரு வேர்கூட இல்லை. அதையும் ஒரு பாட்டில் போர் தண்ணீரும் ஒரு பை மண்ணும் எடுத்துக்கொண்டு திருப்பதியில் மண் பார்க்கும் ஆபீசுக்குப் போனேன். தண்ணீரிலும் உப்பு, மண்ணிலும் உப்பு என்றார்கள். மேலே எந்த ரகம் கட்டினாலும் உப்பைத் தாங்க வேண்டியது கீழே இருக்கிற கொட்டையின் வேர்தான், இந்தக் கொட்டைக்கு அந்தச் சக்தி இல்லை என்று அங்கே இருந்தவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். இன்னும் தண்ணீர் கட்டியிருக்கிறாயே நாயனா என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நாராயணசாமி வரப்பில் ஊன்றினாரே, அதில் பாதி இன்றைக்கும் பச்சையாக நிற்கிறது. ஒருவரும் தண்ணீர் விட்டதில்லை. ஆள் உயரம்கூட இல்லை, ஆனால் நிற்கிறது. நான் அந்த வழியாகப் போவதில்லை.

இதை எழுத வேண்டாம் என்று உன் அண்ணி சொன்னாள். 'அது வரட்டும்யா. வந்து பாத்துக்கட்டும். கூழோ கஞ்சோ ஒண்ணா குட்சிக்கினு கெடக்கலாம். எழுதிட்டா அது வராது' என்றாள். பத்மினி இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தினமும் ஒருத்தர் என்னை நிறுத்தித் தங்கச்சி எப்போது வருகிறது என்று கேட்கிறார்கள். எழுதாமல் விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நீ அந்த வேலையை விட்டுவிட்டு வந்து அந்த வெள்ளை நிலத்தில் நின்றால், நான் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

வா என்றும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வராதே என்றும் சொல்ல வாய் வரவில்லை. நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


குவைத்,
2-3-1997

அண்ணனுக்கு வணக்கம். நான் நலம்.

இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே போடவில்லை. அந்த அம்மா சொன்ன கெடுவின் கடைசி நாள் வரை யோசித்துவிட்டுத்தான் போட்டேன். நாம் இரண்டு குடும்பமும் கூலிக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று மனசு ஆயிரம் தடவை சொன்னது. நான் பட்டது போதும், பத்மினியும் வரப்பில் நிற்க வேண்டாம்.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கொட்டை வேண்டாம், சீக்கிரம் வேண்டும் என்று நின்றவள் நான்தான். ஆனி மாதம் ஏரிக்கரை மரத்தடியில் போய்ப் பொறுக்கி, இந்த முறை குழியிலேயே ஊன்று. போர் தண்ணீர் விடாதே. வருகிறது வரட்டும், எத்தனை வருஷமானாலும் ஆகட்டும்.

பத்மினி அதற்குள் பெரியவளாகிவிடுவாள். அண்ணி எல்லாம் செய்யட்டும். பச்சைப் புடவை எடுக்கச் சொல், நீலம் அவளுக்கு எடுக்காது. மாமன் சீர் எதுவும் குறைக்காதே.

ஒன்றே ஒன்று செய். தோட்டம் போனதால் நான் வரவில்லை என்று அவளிடம் சொல்லாதே. மண் மேல் அவளுக்கு வெறுப்பு வந்துவிடும், நாளைக்கு அவள் உட்காரப் போகிற இடம் அதுதான். என் மேல் வெறுப்பு வந்தாலும் என்னால் தாங்க முடியாது. இந்த வீட்டு அம்மா விடவில்லை என்று சொல். அவளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும்.

தேவயானி


ஈச்சம்பாடு,
11-4-1997

அன்புத் தங்கை தேவயானிக்கு ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ உடம்பைக் கவனித்துக்கொள், கை கால் வீக்கத்துக்கு அங்கே டாக்டரிடம் காட்டு.

நிலத்தைச் சுத்தமாக உழுதுவிட்டேன். ஆபீசில் சொன்னபடி தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழப்போகிறேன். உப்பு கொஞ்சம் இறங்குமாம். போர் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பத்மினியிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் அண்ணி அழுதுவிட்டதால், நான் வாயைத் திறந்தபோதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

'அம்மா இப்ப வர்லியாம் பத்மினி. அந்த வூட்டம்மா உடமாட்டேன்னுட்டாங்களாம்' என்றேன்.

அழுவாள், தட்டைத் தள்ளுவாள் என்று பயந்தேன். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றாள். கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்று கேட்டாள்.

'அந்த வூட்ல சின்னப் புள்ளைங்க கீதா மாமா?'

'நாலு கீது' என்றேன்.

'அம்மாதான் பாத்துக்கினு கீதா?'

'ஆமா.'

எந்த வார்த்தை சொல்லி அந்த அம்மாவைத் திட்டப்போகிறாளோ என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

'அப்ப உடமாட்டாங்கதான் மாமா. அதுங்க அழும் இல்ல' என்றாள்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்